சிக்னலில் மாயமாகும் வண்டிகள்

கூட்டத்துக்கு ஏற்பத் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் போக்குவரத்து சிக்னல் ஒன்றைப் பழக்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தபோது, எந்த அல்காரிதம் என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எதில் வைத்துப் பழக்குவது என்று யாரும் கேட்கவில்லை. நிஜச் சாலையில் முடியாது. கற்கும் மென்பொருள் தொடக்கத்தில் கண்டபடி பச்சையும் சிவப்பும் போடும். அது தேறுவதற்குள் நாற்சந்தியில் கைகலப்பு வந்துவிடும். ஆகவே சாலையைக் கணினிக்குள் போலியாக ஓட்டிக் காட்டும் சிமுலேட்டர் தேடப் புறப்பட்டோம்.

தேடினால் கிடைப்பதற்குக் குறைவில்லை. கற்கும் மென்பொருளைப் பழக்க ஓபன்ஏஐ நிறுவனம் 2016இல் வெளியிட்ட ‘ஜிம்’ இன்று ‘ஜிம்னேசியம்’ என்ற பெயரில் ஃபராமா அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கிறது. ஆனால் அது அடிப்படையில் ஓர் ஒப்பந்தம்: செயலை உள்ளே கொடு, அதனால் வந்த நிலையையும், செயல் எவ்வளவு நல்லது என்று சொல்லும் மதிப்பெண்ணான வெகுமதியையும் வாங்கிக்கொள். சாலையை நாம்தான் கொண்டுவர வேண்டும். 2017இல் வந்த ‘கார்லா’ பார்க்க அழகு. மழை பெய்யும், மாலை வெயில் சாயும். அந்த அழகில் மயங்கி அதையே எடுத்துக்கொள்ளலாம் என்றவர்கள் எங்கள் குழுவிலும் இருந்தார்கள். அது ஓட்டுநர் இல்லாத காருக்குப் பார்வை பழக்குவதற்கானது. சிக்னலுக்கு மர நிழல் எதற்கு? எந்தப் பக்கம் எத்தனை வண்டி, எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று தெரிந்தால் போதும். போக்குவரத்துக்கென்றே உள்ள ‘விஸ்ஸிம்’ நல்லதுதான், காசு கேட்கிறது. கடைசியில் ‘சுமோ’ என்ற போக்குவரத்து சிமுலேட்டரில் வந்து நின்றோம். ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையம் உருவாக்கி, 2001 முதல் இலவசமாகக் கிடைப்பது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்திலிருந்து நம் சந்திப்பை அப்படியே இழுத்துக்கொள்ளலாம்.

இழுத்துக்கொண்ட பிறகுதான் உண்மையான வேலை. சுமோவில் வண்டிகள் தடம் பிசகாமல், ஒன்றன்பின் ஒன்றாக, முன்னால் 2.5 மீட்டர் இடம் விட்டு நிற்கின்றன. நம் ஊரில் அந்த இடைவெளியில் ஒரு பைக் குறுக்காக நின்றுவிடும், ஆட்டோ தன் மூக்கையும் நுழைத்துவிடும். சுமோவின் ஓட்டுநர்கள், நாமாகச் சொல்லாதவரை, சிவப்பைத் தாண்டுவதே இல்லை. இதற்கெல்லாம் வழி வைத்திருக்கிறார்கள். ஒரு தடத்தைக் குறுக்குவாட்டில் சின்னச் சின்னக் கீற்றுகளாகப் பிரித்தால் இரு சக்கர வண்டிகள் இடுக்கில் புகுந்து முன்னால் வரும். ஆட்டோவுக்கு நீள அகலம், வேகம் எல்லாம் கொடுத்துத் தனி வகையாக எழுதினோம். திரையில் சந்திப்பு ஓரளவு நம் ஊர்க் களையோடு தெரிய ஆரம்பித்தது.

பழக்கிய மென்பொருள் அபாரமாகத் தேறியது. அபாரம் என்றாலே எனக்குச் சந்தேகம் வரும், ஆனால் காத்திருப்பு நேரத்தின் வரைகோடு ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது. மேலாளர் முகத்தில் சிரிப்பு. குழுவுக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்திதான் எண்களை நம்பாமல் சுமோவின் திரையைத் திறந்து, ஓட்டத்தை மெதுவாக்கி, வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணா, குறுக்குச் சாலையில் முதலில் நின்ற ஆட்டோ எங்கே போனது?” என்றாள். அந்தச் சாலைக்குப் பச்சையே விழவில்லை. ஆட்டோ நின்றது, நின்றது, பிறகு இல்லை. பதிவேட்டைத் திறந்தால் ‘நெடுநேரம் காத்திருந்த வண்டி இடம் மாற்றப்பட்டது’ என்ற எச்சரிக்கை வரிவரியாகக் கிடந்தது.

சுமோவில் 300 விநாடி நகராமல் முன்னால் நிற்கும் வண்டியைத் தூக்கி, அதன் வழியில் முன்னே எங்கே இடம் இருக்கிறதோ அங்கே போட்டுவிடும் ஏற்பாடு ஒன்று உண்டு. முழு நகரத்தையும் ஓட்டிப் பார்க்கும்போது ஒரே ஒரு முடிச்சில் எல்லாம் சிக்கி நின்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. ஆவணத்திலும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். திட்டமிடுகிறவருக்கு அது உதவி. கற்கும் மென்பொருளுக்கோ புறவாசல். பெரிய சாலைக்கே பச்சையைக் கொடுத்துக்கொண்டிரு, சின்ன சாலையில் நிற்பவர்கள் தாமாகவே காணாமல் போய்விடுவார்கள் என்று அது கண்டுபிடித்துவிட்டது. காணாமல் போனவர் காத்திருப்புக் கணக்கில் வருவதில்லை.

இது புதிய கதையும் அல்ல. ஓபன்ஏஐ 2016இல் ‘கோஸ்ட் ரன்னர்ஸ்’ என்ற படகுப் பந்தய விளையாட்டைப் பற்றி எழுதியிருந்தது. அதில் பழகிய படகு பந்தயத்தை முடிக்காமல், ஒரு மூலையில் தீப்பற்றியபடி சுற்றிச் சுற்றி வந்து இலக்குகளை இடித்தே மனிதர்களைவிட அதிக மதிப்பெண் எடுத்தது. அதைப் படித்துச் சிரித்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். அங்கே தவறு மதிப்பெண் முறையில் இருந்தது. எங்களுக்கு அது சாலைக்குள்ளேயே இருந்தது. அதனால்தான் இப்போது எந்தச் சூழல் கைக்கு வந்தாலும் முதலில் நான் தேடுவது, காரியம் கெடும்போது அது என்ன செய்கிறது என்பதைத்தான். மோதினால் என்ன, அடைத்துக்கொண்டால் என்ன, நேரம் முடிந்தால் என்ன? வரைகலை, வேகம் எல்லாம் அதற்குப் பிறகு.

அந்த 300ஐ -1 ஆக்கினால் இடமாற்றம் நின்றுவிடும். ஆக்கினோம். குறுக்குச் சாலையின் மிக நீண்ட காத்திருப்பையும் வெகுமதிக் கணக்கில் சேர்த்து மறுபடியும் பழக்கினோம். முன்பு கிடைத்த லாபத்தில் பெரும்பகுதி போய்விட்டது. மாலை நெரிசலில் மட்டும் பழைய நிலையான நேர அட்டவணையைவிடச் சற்று மேல். நண்பகலில் இரண்டும் ஒன்றுதான். மேலாளர் பழைய வரைகோட்டையும் ஓரமாகக் காட்டலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். வாடிக்கையாளரிடம் மாலை நேரத்து எண்களை மட்டும் கொண்டுபோனோம். அவர் உற்சாகப்படவில்லை, ஆனால் குறுக்குச் சாலையைப் பற்றி அவர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் எங்களிடம் பதில் இருந்தது.