சான்றிதழ் வந்தது, நாற்காலி வரவில்லை: சுயேச்சை இயக்குநர் தேர்வு அனுபவம்

"சுயேச்சை இயக்குநர் தேர்வில் பாஸாகிவிட்டேன், இனி எந்தக் கம்பெனி கூப்பிடும்?" என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். கம்பெனியை நடத்துபவர்களோடு பணத் தொடர்போ உறவோ இல்லாமல், அதன் இயக்குநர் குழுவான போர்டில் உட்கார்ந்து கேள்வி கேட்பவர்தான் சுயேச்சை இயக்குநர். நானும் இதே கேள்வியோடு பதினோரு மாதம் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தவள்தான். ஒருவரும் கூப்பிடவில்லை. பிறகு கூப்பிட்ட முதல் கம்பெனிக்கு நானே வேண்டாம் என்று சொன்னேன். அது தனிக்கதை, கடைசியில் வருகிறேன்.

நான் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் 26 ஆண்டுகள் இருந்தவள். ஆடிட்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. இதைச் சொல்லக் காரணம், எல்லாரும் இந்தத் தேர்வை எழுத வேண்டியதில்லை. பத்து ஆண்டு தொழில் செய்த வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர், காஸ்ட் அக்கவுண்டன்ட், கம்பெனி செகரட்டரி ஆகியோருக்கு விலக்கு உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனியிலோ, 10 கோடி ரூபாய்க்குக் குறையாத மூலதனம் உள்ள பொது கம்பெனியிலோ (பப்ளிக் லிமிடெட்) மூன்றாண்டு இயக்குநராக இருந்தவர்களுக்கும் உண்டு. விலக்கு தேர்வுக்கு மட்டும்தான். எல்லாருமே, மானேசரில் இருக்கும் மத்திய அரசின் ஐஐசிஏ (இந்திய கார்ப்பரேட் விவகாரப் பயிலகம்) நடத்தும் தரவுத்தளத்தில் முதலில் பெயரைப் பதிய வேண்டும். இந்த ஏற்பாடு 2019 டிசம்பரில் வந்தது. மற்ற நம்மைப் போன்றவர்கள் பதிந்த இரண்டாண்டுக்குள் ஆன்லைன் தேர்வில் தேற வேண்டும், இல்லாவிட்டால் பெயர் நீக்கப்படும். முதலில் 60 சதவீதம் எடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் அதை 50 ஆகக் குறைத்தார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

"எத்தனை முறை வேண்டுமானாலும்" என்றதும் நமக்கு வருகிற அலட்சியம் இருக்கிறதே, அதுதான் என்னை முதல் முறை கவிழ்த்தது. 46 எடுத்தேன்.

தோற்றதற்குக் காரணம் படிக்காதது அல்ல, படித்த விதம். பிரிவு எண்களை ஒப்பித்தேன். 149, 150, 166, 177, 178 என்று எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேள்விகளோ ஒரு சூழ்நிலையைச் சொல்லி, "இவர் சுயேச்சை இயக்குநராக இருக்கலாமா?" என்று கேட்டன. பிரிவு எண் அங்கே உதவவில்லை.

இரண்டாவது முறை, 2013 கம்பெனிகள் சட்டத்தின் 149(6) ஒன்றுக்கே ஒரு வாரம் ஒதுக்கினேன். யார் "சுயேச்சை" என்பதைச் சொல்கிற பிரிவு அது. எனக்குத் தெரிந்தவர்களையே ஒவ்வொருவராக எடுத்து அதில் வைத்துப் பார்த்தேன். போர்டில் சேரப்போகும் கம்பெனிக்கு ஆடிட் செய்த நிறுவனத்தில் போன வருடம் வரை பார்ட்னராக இருந்த நண்பர்? முடியாது, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் அந்தத் தொடர்பு இருந்திருக்கக் கூடாது. தானும் உறவினர்களுமாகச் சேர்ந்து 2 சதவீத வாக்குரிமை வைத்திருப்பவர்? முடியாது. தொண்டு நிறுவனம் நடத்துபவர்? இங்கேதான் நான் முதல் முறை தடுமாறியது. தொண்டு செய்பவர் என்பதாலேயே சுயேச்சையானவர் ஆகிவிட மாட்டார். அவர் தலைமை ஏற்றிருக்கும் அமைப்பின் வரவில் 25 சதவீதமோ அதற்கு மேலோ அந்தக் கம்பெனியிலிருந்தோ அதன் முதலாளிகளான புரமோட்டர்களிடமிருந்தோ வந்தால் அவருக்கும் தகுதி இல்லை. யோசித்தால் நியாயம்தான். சம்பளம் வாங்குகிறவர் மட்டுமா வாயைத் திறக்கத் தயங்குவார், நன்கொடை வாங்குகிறவரும் தயங்குவார்.

இப்படி ஆட்களை வைத்துப் படித்தபோது, எங்களுக்குச் சரக்கு கொடுத்த சப்ளையர்களின் கம்பெனிகளில் உட்காரலாம் என்று நான் போட்டிருந்த கணக்கும் சேர்ந்து ஆட்டம் கண்டது. பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்கான, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகளில், முக்கியமான சப்ளையராகவோ வாடிக்கையாளராகவோ இருப்பவரை சுயேச்சையானவராக எடுத்துக்கொள்வதில்லை. வேலையை விடுவதற்கு முன்பே கனவு காண்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கணக்கியல். தேர்வில் அடிப்படை அளவுதான் கேட்கிறார்கள், ஆனால் எனக்கு அதுவே மலை. மாதிரித் தேர்வுகளும் பாடங்களும் ஐஐசிஏ தளத்திலேயே இருக்கின்றன, அவை போதும். எனக்கு உண்மையில் உதவியது வேறொன்று. பட்டியலிடப்பட்ட மூன்று கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை இறக்கி, பளபளக்கும் முதல் நாற்பது பக்கத்தைத் தள்ளிவிட்டு, பணப்புழக்க அறிக்கையிலிருந்து பின்னோக்கிப் படித்தேன். ஒரு கம்பெனிக்கு லாபம் 12 கோடி, தேய்மானம் (கணக்கில் மட்டும் கழிப்பது, கையை விட்டுப் போகாத பணம்) 2 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டில் வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி 15 கோடி கூடியிருந்தால், மற்றவை மாறாதபோது, தொழிலிலிருந்து வந்த ரொக்கம் மைனஸ் ஒரு கோடி. லாபம் காகிதத்தில், பணம் யார் கையிலோ. இந்த ஒரு கணக்கு புரிந்த பிறகு பாலன்ஸ் ஷீட் மீது இருந்த பயம் பாதி போய்விட்டது. கொள்முதலில் இருந்தவளுக்குக் கையிருப்புச் சரக்கு ஏன் ஏறுகிறது என்று ஏற்கெனவே தெரியும். அந்த அறிவு எந்த வரியில் போய் உட்காருகிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் என்ற மென்பொருள் கம்பெனியின் தலைவர் மோசடியை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தில், இல்லாத ரொக்கமும் வங்கி இருப்பும் மட்டும் 5,040 கோடி ரூபாய் என்று இருந்தது. அந்த போர்டில் படிப்பிலும் பெயரிலும் குறைந்தவர்கள் யாரும் இல்லை. அடிப்படைக் கணக்கியலை எதற்காகக் கேட்கிறார்கள் என்று யாராவது சலித்துக்கொண்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பங்குச் சந்தைச் சட்டத்தில் அதிகம் அலைய வேண்டாம். வெளியே வராத கம்பெனித் தகவலை, அதாவது உள்வட்டத் தகவலை வைத்துப் பங்கு வர்த்தகம் செய்வதற்கான தடையைத் தெளிவாகப் படியுங்கள். கம்பெனியின் உள்ளே இருப்பவர்கள் அதன் பங்கை வாங்கி விற்கலாம் என்கிற காலம்தான் வர்த்தகச் சாளரம். காலாண்டு முடிந்ததும் மூடுகிற அது, முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆன பிறகே திறக்கும். மச்சானிடம் டிவிடெண்ட் விஷயத்தை வாய்தவறிச் சொன்னாலும் தப்புதான். எண்கள் கேட்கிற இடங்களும் உண்டு: ஆண்டுக்கு நான்கு போர்டு கூட்டம், இரண்டுக்கும் நடுவே 120 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. சுயேச்சை இயக்குநரின் ஒரு பதவிக்காலம் அதிகபட்சம் ஐந்தாண்டு. தொடர்ந்து இரண்டு காலத்துக்குப் பிறகு மூன்றாண்டு விலகியிருக்க வேண்டும். இவற்றைக் கடைசி இரண்டு நாளில் பார்த்தால் போதும்.

வீட்டிலிருந்தே கேமரா முன்னால் எழுதும் தேர்வு. அறையில் வேறு யாரும் வராதபடி கதவைச் சாத்துங்கள். இரண்டாவது முறை 72.

சரி, இனி யாரும் சொல்லித்தராத பகுதி.

தரவுத்தளத்தில் பெயர் இருப்பது ரேஷன் கார்டு இருப்பது மாதிரி. அது இல்லாமல் வரிசையில் நிற்க முடியாது, அவ்வளவுதான். ஆளைத் தேர்ந்தெடுப்பது கம்பெனியின் நியமன மற்றும் ஊதியக் குழு. பிறகு போர்டு, அதன்பின் பங்குதாரர்கள். பட்டியலிடப்பட்ட கம்பெனியில் இது சிறப்புத் தீர்மானம், நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். தரவுத்தளத்திலிருந்து எடுத்தாலும் ஆளை விசாரித்துக்கொள்ளும் பொறுப்பு கம்பெனியுடையது என்று சட்டமே சொல்கிறது. அதனால், முன்பின் தெரியாத ஒரு பெயரை யாரும் அவ்வளவு சுலபத்தில் எடுப்பதில்லை. "பெண் என்றால் உடனே கிடைக்கும்" என்று எனக்கும் சொன்னார்கள். பாதி உண்மை. ஒரு பெண் இயக்குநர் கட்டாயம் என்ற இடத்தை வீட்டுப் பெண்களை வைத்தே நிரப்பிக்கொண்ட கம்பெனிகள் எத்தனையோ. சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் பட்டியல் கம்பெனிகளுக்குத்தான் அந்தப் பெண் சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும் என்ற விதி.

என் பயோடேட்டாவைத் தூக்கிப் போட்டது ஒரு கம்பெனி செகரட்டரி. "மேடம், இது வேலை கேட்கிற பயோடேட்டா. போர்டுக்கு நீங்க எத்தனை பேரை மேய்ச்சீங்கன்னு வேண்டாம். எந்த ஆபத்தை முன்னாடியே பார்த்தீங்க, அதைச் சொல்லுங்க" என்றார். நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கம் ஆனது. ஒரே சப்ளையரை நம்பியிருந்த பாகத்துக்கு இரண்டாவது ஆளைத் தயார் செய்தது, போலி ரசீதுகளைப் பிடித்தது, மூலப்பொருள் விலை ஏறியபோது ஒப்பந்தத்தைத் திருத்தியது என்று மூன்றே விஷயம். யாரிடமும் "ஏதாவது போர்டு இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்பதையும் நிறுத்தினேன். "நடுத்தர உற்பத்தி நிறுவனம், ஆடிட் குழுவில் கொள்முதல் தெரிந்த ஆள் தேவைப்பட்டால்" என்று குறிப்பாகச் சொன்னேன். குறிப்பாகச் சொன்னால்தான் கேட்டவர் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்.

இதற்கிடையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். லாப நோக்கமற்ற பிரிவு 8 கம்பெனி அது. சுயேச்சை இயக்குநர் வைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, அதனால் தேர்வும் தேவையில்லை. நேராக போர்டுக்குக் கேட்கவில்லை. ஒரு வருடம் அவர்களுடைய கொள்முதல் பதிவுகளைச் சீர்செய்து கொடுத்தேன். பிறகு அவர்களே அழைத்தார்கள். கம்பெனி முன்மொழிந்து தீர்மானம் போட்டால்தான் இயக்குநர் அடையாள எண்ணான டின்னுக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதால், என் முதல் டின் அங்கேதான் கிடைத்தது. கூட்டத்துக்கு வருவதற்குத் தரும் சிட்டிங் ஃபீஸ் கிடையாது. ஆனால் கூட்டப் பதிவான மினிட்ஸ் எப்படி எழுதப்படுகிறது, பேசியது ஒன்றும் பதிவானது வேறாகவும் எப்படி ஆகிறது, மாற்றுக் கருத்தைப் பதிவு செய்யச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதையெல்லாம் அங்கே கற்றேன். என்னை இப்போதைய போர்டுக்குச் சொன்னவர் அங்கே என் எதிரில் உட்கார்ந்திருந்த இன்னொரு இயக்குநர்தான். ஒரு கட்டட ஒப்பந்தத்தில் நாங்கள் இருவரும் சண்டை போட்டிருக்கிறோம்.

இனி அந்த வேண்டாம் என்ற கதை. பட்டியலில் இல்லாத ஒரு பொது கம்பெனி. தொலைபேசியிலேயே, "டிஐஆர்-2 சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்" என்றார்கள். பதினோரு மாதம் காத்திருந்தவளுக்குப் பேனா கையில்தான் இருந்தது. ஆனாலும் மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் கட்டி அவர்களுடைய பொது ஆவணங்களைப் பார்த்தேன். நான்கு ஆண்டில் மூன்று ஆடிட்டர்கள். அதில் ஒருவர் பாதியில் ராஜினாமா. இரண்டு ஆண்டுக்கான கணக்குகள் தாக்கலாகவே இல்லை. தொடர்ந்து மூன்று நிதியாண்டு தாக்கல் செய்யாவிட்டால் அந்த போர்டில் இருப்பவர்கள் ஐந்தாண்டுக்குத் தகுதி இழக்கிறார்கள், வேறு கம்பெனிகளிலும் நியமனம் பெற முடியாது. கடந்த ஓராண்டு மினிட்ஸைப் பார்க்கலாமா என்று கேட்டு எழுதினேன். பதிலே இல்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது இருக்கும் கம்பெனியிலும் அதே கேள்விகளைக் கேட்டேன். மினிட்ஸ் காட்டினார்கள். ஆடிட்டருடன் தனியாகப் பேச விட்டார்கள். இயக்குநர்களுக்கான பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா, தொடர்புடைய தரப்பினருடன் என்னென்ன பரிவர்த்தனை என்று கேட்டபோது புரமோட்டர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் மறுநாளே பட்டியல் வந்துவிட்டது. அதில் மூன்றாவது வரியில் அவருடைய தம்பியின் லாரி கம்பெனி இருந்தது. முதல் கூட்டத்தில் நான் கேட்ட முதல் கேள்வி அந்த வாடகை எப்படி நிர்ணயமானது என்பதுதான். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் நிதித் தலைவர் கோப்பைத் திறந்தார்.