வாசிக்கத் தெரிந்த பிறகும்

மகளுக்கு ஒன்பது வயது. தானே சரளமாக வாசிப்பாள். ஆனாலும் நேற்று ராத்திரி புத்தகத்தை என் மடியில் வைத்து, "நீயே படிம்மா" என்றாள். நீளமான ஒரு வரியில் என் விரலைப் பிடித்து நிறுத்தி அர்த்தம் கேட்டாள். இந்த வயதில் தானாகப் படித்துப் புரிவதைவிடக் காதால் கேட்டுப் புரிவது அதிகம். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள்.

கைக்குழந்தைக்கும் வாசிக்கலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2014லேயே அப்படித்தான் சொன்னது. குழந்தை அட்டையைக் கடித்தால் கடிக்கட்டும்.

பதின்வயது மகன் விஷயம் வேறு. காமிக்ஸோ விளையாட்டுப் பத்திரிகையோ, அவன் எடுப்பதுதான் புத்தகம். நான் பாதி படித்துக் கவிழ்த்து வைத்திருந்ததை இன்று காலை புரட்டிக்கொண்டிருந்தான். எதுவும் கேட்காமல் அப்படியே நகர்ந்துவிட்டேன்.