எந்த வடக்கு?

திருநெல்வேலி நிலையத்தின் காந்தப்புலத் தரவில் வேலை கற்றுக்கொண்டால் ஒரு சோம்பல் ஒட்டிக்கொள்ளும். அங்கே புவியியல் வடக்குக்கும் காந்த வடக்குக்கும் 2 டிகிரி அளவுக்குத்தான் வித்தியாசம், புலத்தின் புவியியல் வடக்குக் கூறான எக்ஸை எடுத்தாலும் காந்த வடக்குக் கூறான ஹெச்சை எடுத்தாலும் விடை ஒன்றுதான். பகலில் சுமார் 105 கி.மீ. உயரத்தில் கிழக்கே ஓடும் எலக்ட்ரோஜெட் என்ற மின்னோட்டம் ஹெச்சை ஏற்றும். அந்த ஏற்றத்திலிருந்து அந்த ஓட்டத்துக்கு வெளியே இருக்கும் அலிபாக் நிலையத்தின் ஏற்றத்தைக் கழித்தால் ஓட்டத்தின் பலம் ஓரளவு தெரிந்துவிடும். எந்த அச்சு என்று நான் யோசித்ததே இல்லை.

அப்புறம் பிரேசிலின் சாவோ லூயிஸ் தரவு கைக்கு வந்தது. எக்ஸ் (வடக்கு), ஒய் (கிழக்கு), இசட் (கீழ்நோக்கி) என்று மூன்று பத்திகள். பகலில் எக்ஸ் ஏறும்போதெல்லாம் ஒய் இறங்கியது, அதுவும் எக்ஸின் ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலாக. வடக்கு தெற்காக ஒரு மின்னோட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு வாரம் மிதந்துகொண்டிருந்தேன், கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்தாயிற்று. படத்தைப் பார்த்த சீனியர் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்த ஊர்ல டெக்ளினேஷன் எவ்வளவுப்பா?"

டெக்ளினேஷன் என்றால் புவியியல் வடக்கிலிருந்து காந்த வடக்கு விலகும் கோணம். அங்கே அது மேற்கே ஏறத்தாழ 20 டிகிரி. காந்த வடக்கில் புலம் 100 நானோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) ஏறினால் எக்ஸில் 94, ஒய்யில் மைனஸ் 34 என்று பிரிந்து விழும். அச்சைத் திருப்பியதும் என் கண்டுபிடிப்பில் பெரும்பகுதி காணாமல் போனது.

மேலே ஓடும் மின்னோட்டத்துக்கு நம் வரைபட வடக்கு தெரியாது, அங்கே மின்கடத்தும் திறனுக்குத் திசை வைப்பது காந்தப்புலம்தான். அதனால் அயனி மண்டலம் என்றால் நான் உள்ளூர் காந்த வடக்கையே எடுப்பேன். பூமிக்குள் தூண்டப்படும் ஓட்டம், மின்கம்பித் தடம் என்றால் புவியியல் அச்சுதான் வசதி. நிலையங்களை காந்த அட்சரேகைப்படி வரிசைப்படுத்த குவாசி-டைபோல் என்ற காந்த ஆயத்தொலை முறை இருக்கிறது. அது நிலையம் எங்கே இருக்கிறது என்று சொல்லும், அளவீட்டின் அச்சைத் திருப்பாது. இரண்டையும் குழப்புகிறவர்கள் நிறைய. டெக்ளினேஷனைத் தரும் டி பத்தியை நானோடெஸ்லா என்று எண்ணிக் கூட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலும் கோண நிமிடத்தில் வரும், ஹெச் 40,000 நானோடெஸ்லா இருக்கும் திருநெல்வேலியில் ஒரு நிமிடம் என்பது கிட்டத்தட்ட 11.6 நானோடெஸ்லா.

சரி, காந்த வடக்கு என்று முடிவெடுத்தாலும் எந்த வருடத்து வடக்கு? பொருத்திய அன்று கிழக்கு சென்சார் பூஜ்யம் காட்டும்படி காந்தமானிப் பெட்டியைத் திருப்பி வைத்திருப்பார்கள். டெக்ளினேஷன் வருடாவருடம் நகர்கிறது. இருபது வருடம் கழித்தும் பெட்டி அன்று பார்த்த திசையையே பார்த்துக்கொண்டிருக்கும், பத்தியின் தலையில் ஹெச் என்றே எழுதியிருக்கும்.