கூரை மாற்ற "ஒரு அடிக்கு எவ்வளவு?"

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) பழைய வரிசை வீட்டுக்குக் கூரை மாற்ற யாரைக் கூப்பிட்டாலும் முதலில் வரும் பேச்சு இதுதான்: "ஒரு அடிக்கு எவ்வளவு?" அவர் ஒரு விலை சொல்வார். அதில் என்னென்ன அடங்கும் என்று தெரியாமல் இரண்டு கொட்டேஷனை ஒப்பிட்டால் ஏமாறுவது நாம்தான்.

முதலில், எந்த அடி? 22 அடி அகலம், 45 அடி நீளம் உள்ள வீடு. முன்னும் பின்னும் 2 அடி இறவாரம் சேர்த்தால் 22 × 49 = 1,078 சதுர அடி. இது தரையளவு. கூரை 25 டிகிரி சாய்ந்திருந்தால் இதை 1.103ஆல் பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 1,189. சதுர அடிக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டாலும் 1,110 வெள்ளி வித்தியாசம். ஒருவர் தரையை அளப்பார், இன்னொருவர் சாய்வை அளப்பார். மொத்தத் தொகையை எழுதி வாங்கிவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

ஒழுகுகிறது என்பதற்காக முழுக் கூரையையும் மாற்ற வேண்டியதில்லை. முகட்டு ஓட்டின் சிமெண்டு வெடித்தாலும், பக்கத்து வீட்டோடு சேரும் இடத்துத் தகடு அரித்தாலும் தண்ணீர் இறங்கும். அது சின்ன வேலை. சீலிங்குக்கு மேலே ஏறி, சட்டங்களை ஸ்குருடிரைவரால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று உள்ளே இறங்கினால் கரையான் தின்றிருக்கிறது; அப்போதுதான் செலவு ஏறும்.

சிமெண்டு ஓட்டை எடுத்துவிட்டு மெட்டல் டெக் என்னும் எஃகுத் தகரம் போடுவதுதான் இப்போது பலரின் விருப்பம். சதுர மீட்டருக்குப் பத்து ஓடு, ஓடு ஒன்று நாலு கிலோவுக்கு மேல். மேலே சொன்ன வீட்டில் ஏறத்தாழ 1,100 ஓடு, நாலரை டன்னுக்குக் குறையாது. அதை இறக்கி, ஏற்றி, கொட்டும் இடத்துக்குக் கொண்டுபோகும் கூலி கொட்டேஷனில் இருக்கிறதா? பல கொட்டேஷன்களில் இராது. வேலை முடிந்த அன்று தனியாகக் கேட்பார்கள்.

அந்த எடைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தகரக் கூரை மொத்தமும் அரை டன் அளவுதான். இத்தனை நாள் ஓட்டின் பாரமே மரச்சட்டத்தை அழுத்திப் பிடித்திருந்தது. அது போனதும் சாயங்காலப் புயல் காற்று கூரையைச் சட்டத்தோடு தூக்கப் பார்க்கும். கூரைச் சட்டங்களைச் சுவரோடு இரும்புப் பட்டையாலும் போல்ட்டாலும் கட்டச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம்தான், ஆனால் கேட்டால்தான் செய்வார்கள்.

ஓடு உட்கார்ந்திருந்த ஒரு அங்குலக் கனமுள்ள சட்டத்தில் ஸ்குரூ பிடிக்காது. 2 × 3 அங்குலச் சட்டம் மூன்றடிக்கு ஒன்றாகப் புதிதாக வர வேண்டும். "பழைய கட்டையே போதும்" என்கிறவரின் விலை குறைவாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

தகரத்தின் கனத்தில்தான் அதிகம் விளையாடுகிறார்கள். 0.42 மில்லிமீட்டர் என்று இருவர் சொன்னாலும் இரண்டும் ஒன்றல்ல. பி.எம்.டி. என்றால் வெறும் எஃகின் கனம், டி.சி.டி. என்றால் பூச்சும் சேர்த்து. 0.42 டி.சி.டி. தகரத்தில் எஃகு ஏறக்குறைய 0.35தான். எது என்று கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள். தகரம் வந்திறங்கியதும் அதில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள்.

முகட்டிலிருந்து இறவாரம்வரை ஒரே நீளமாக வெட்டி வாங்குவதுதான் நல்லது. நடுவில் ஒட்டு இருந்தால் அது ஒழுகும் இடம். இந்த வீட்டுக்குத் தகரம் 27 அடி நீளம். 2½ அடி அகலம் மூடும் தகரம் என்றால் கூரையின் ஒரு பக்கத்துக்கு 9 வீதம் இரண்டு பக்கத்துக்கும் 18. அவ்வளவு நீளத்தை ஏற்றிய லோரி உங்கள் சந்தில் திரும்புமா என்று முன்கூட்டியே பாருங்கள்.

ஸ்குரூவை இறுக்கும்போது ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கினால் சரி. நசுங்கி வெளியே வழிந்தால் சீக்கிரமே வெடித்துவிடும். தளர்வாகச் சுழன்றால் அன்றே ஒழுகும். கிரைண்டரால் தகரம் அறுத்தால் பொறி பட்ட இடமெல்லாம் துருப் புள்ளியாகும். வேலை முடிந்ததும் இரும்புத் தூளைக் கூட்டித் தள்ளச் சொல்லுங்கள்.

வரிசை வீட்டில் உங்களுக்கு மட்டும் தகரம், பக்கத்து வீட்டுக்கு ஓடு என்றால் சேரும் கோட்டில் உலோகத் தகடோ கால்வாயோ தனியாக வேண்டும். இதற்கு விலை எழுதாத கொட்டேஷனை நம்பாதீர்கள். கூரையின் அமைப்பையே மாற்றுவதானால் நகராண்மைக் கழகத்திடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.

பழைய தோட்ட வீடுகளில் இருக்கும் சாம்பல் நிற அலைத் தகடு அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதை அறுக்கவோ, உடைக்கவோ, மேலிருந்து வீசவோ கூடாது. நனைத்து, முழுசாகக் கழற்றி, கனமான பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டும். அஸ்பெஸ்டாஸ் தூளும் நாரும் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணைக் கழிவு (கண்ட இடத்தில் கொட்டக் கூடாத அபாயக் கழிவு), எண் எஸ்.டபிள்யூ. 201. செம்பனைக் காட்டில் கொட்டிவிட்டு வருகிறேன் என்பவரை வேலைக்கு எடுக்காதீர்கள். வீடு தோட்ட நிர்வாகத்துடையது என்றால் உங்கள் காசைப் போடுவதற்கு முன் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். தொழிலாளர் வீட்டைப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் சொல்கிறது.

பணத்தைப் பொருள் வந்ததும் ஒரு பங்கு, பழையது இறங்கிப் புதுச் சட்டம் ஏறியதும் ஒரு பங்கு என்று கொடுங்கள். கடைசிப் பங்கை நல்ல மழை ஒன்று பெய்து முடியும்வரை பிடித்து வையுங்கள். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் மழை அடிக்கும் என்பதால் ஒரு நாளைக்குப் பாதிக் கூரைக்கு மேல் பிரிக்க விடாதீர்கள். மூடுவதற்குக் கேன்வஸ் வந்த பிறகே முதல் ஓட்டை எடுக்கட்டும்.