காத்திருப்பு வரிசையும் ஊழியரின் ஓய்வு நேரமும்

வரிசை நீண்டுவிட்டது என்ற புகார் எழுந்தவுடன், கவுண்டரில் இருப்பவர் சும்மா இருக்கிறாரா என்பதைத்தான் பெரும்பாலான நிர்வாகங்கள் முதலில் பார்க்கின்றன. பணிநேரத்தில் 90 சதவீதம் அவர் வேலையில் இருந்தார் என்று அறிக்கை சொன்னால், மீதமுள்ள 10 சதவீதத்தையும் நிரப்பிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற முடிவுக்கு எளிதாக வந்துவிடுகிறார்கள். என் பார்வையில் இது நோயையே மருந்தாகக் கொடுப்பது. வரிசை எல்லையின்றி வளராமல் தடுத்துக்கொண்டிருப்பது அந்த 10 சதவீத ஓய்வுதான்.

கணக்காகவே பார்க்கலாம். ஒரு கவுண்டரில் ஒருவருக்குச் சராசரியாக 5 நிமிடம் ஆகிறது. ஆகவே மணிக்கு 12 பேரைக் கவனிக்க முடியும். வருகையும் சேவை நேரமும் தற்செயலாக ஏறியிறங்கும் மிக எளிய மாதிரியை எடுத்துக்கொண்டால், மணிக்கு 6 பேர் வரும்போது, அதாவது ஊழியர் பாதி நேரம் மட்டுமே வேலையில் இருக்கும்போது, வரிசையில் நிற்கும் சராசரி நேரம் 5 நிமிடம். பணிச்சுமை 80 சதவீதமானால் அது 20 நிமிடமாகும். 90 சதவீதத்தில் 45 நிமிடம். 95 சதவீதத்தில் 95 நிமிடம். 90 சதவீதத்திலிருந்து 95 சதவீதத்திற்குப் போக, மணிக்கு ஒரு முழு ஆள்கூடக் கூடுதலாக வர வேண்டியதில்லை. ஆனால் காத்திருப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. சுமை 100 சதவீதத்தைத் தொட்டால், நிலையான சராசரி என்ற ஒன்றே இந்த மாதிரியில் கிடையாது.

இத்தனைக்கும் காரணம் ஏற்றத்தாழ்வு. ஆளில்லாமல் கழிந்த ஐந்து நிமிடத்தைச் சேமித்து வைத்து, அடுத்து நான்கு பேர் ஒன்றாக வரும்போது எடுத்துச் செலவழிக்க முடியாது. வீணான நேரம் வீணானதுதான். சேர்ந்த கூட்டமோ கரையும் வரை நிற்கும். பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜான் கிங்மன் 1961இல் தந்த தோராயச் சூத்திரம் இதை அழகாகப் பிரித்துக் காட்டுகிறது: காத்திருப்பு நேரம் என்பது பணிச்சுமைக்கும் மீதமுள்ள ஓய்வுக்கும் உள்ள விகிதம், வருகையிலும் சேவையிலும் உள்ள ஏற்றத்தாழ்வு, சராசரிச் சேவை நேரம் ஆகிய மூன்றின் பெருக்கல். ஆகவே ஆளைக் கூட்டாமலும் வரிசையைக் குறைக்கலாம். மேற்சொன்ன கவுண்டரில் ஒவ்வொருவருக்கும் சரியாக 5 நிமிடமே ஆகும்படி செய்ய முடிந்தால், அதே 90 சதவீதச் சுமையில் காத்திருப்பு பாதியாகி 22.5 நிமிடத்திற்கு வந்துவிடும். சராசரி வேகத்தைக் கூட்டச் சொல்லி ஊழியரை நெருக்குவதைவிட, இருபது நிமிடம் இழுக்கும் சிக்கலான வேலைகளைத் தனியாகப் பிரித்து வேறொருவரிடம் அனுப்புவது பல இடங்களில் கூடுதல் பலன் தரும் என்பது என் கருத்து.

வரிசைகளைக் கணக்கால் ஆராயும் இந்தத் துறை ஒரு தொலைபேசி நிறுவனத்தில்தான் பிறந்தது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அக்னர் கிராருப் எர்லாங், அழைப்புகளின் நிகழ்தகவைப் பற்றி 1909இல் எழுதினார். எத்தனை இணைப்புகள் இருந்தால் எத்தனை அழைப்புகள் காத்திருக்க நேரும் என்பதற்கான சூத்திரங்களை 1917இல் வெளியிட்டார். இன்றைய கால் சென்டர்களில் ஊழியர் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் மென்பொருள்கள் பலவற்றின் அடியில் இருப்பது அவருடைய சூத்திரமே.

பல கவுண்டர்கள் இருக்கும் இடத்தில், ஒவ்வொன்றுக்கும் தனி வரிசையா, எல்லாவற்றுக்கும் ஒரே வரிசையா என்ற கேள்வி எழும். 90 சதவீதச் சுமையுள்ள இரண்டு கவுண்டர்களுக்குத் தனித்தனி வரிசை இருந்து, யாரும் வரிசை மாறாவிட்டால், முன்பு பார்த்த அதே 45 நிமிடம்தான். அதே இரு ஊழியரும் ஒரே வரிசையிலிருந்து ஆட்களை அழைத்தால், சராசரி ஏறத்தாழ 21 நிமிடமாகக் குறைகிறது. ஒரு பக்கம் ஆளின்றி இருக்க மறுபக்கம் கூட்டம் நிற்கும் நிலை வராதல்லவா? நடைமுறையில் மக்கள் வரிசை மாறிக்கொள்வதால் வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருக்காது. அதோடு, இரண்டு நிமிட வேலைக்கு வந்தவரையும் அரை மணி நேர வேலைக்கு வந்தவரையும் ஒரே வரிசையில் கலந்தால், ஏற்றத்தாழ்வு கூடி, கிடைத்த நன்மையில் ஒரு பகுதி கைநழுவிப் போகும்.

அளவெடுப்பதில்தான் பெரும்பாலான ஆய்வுகள் தடுமாறுகின்றன. மணிக்கு 12 பேரைக் கவனிக்கும் அதே கவுண்டருக்குக் காலையில் இரண்டு மணி நேரம் மணிக்கு 15 பேரும், பிறகு ஆறு மணி நேரம் மணிக்கு 9 பேரும் வருவதாகக் கொள்வோம். நாள் முழுவதற்கும் 84 பேர், கொள்ளளவோ 96. அறிக்கையில் குறையே தெரியாது. ஆனால் தற்செயலான ஏற்றத்தாழ்வை அறவே ஒதுக்கினாலும், முதல் இரண்டு மணி நேர முடிவில் 6 பேர் தேங்கியிருப்பார்கள். அந்தத் தேக்கம் கரைய மேலும் இரண்டு மணி நேரம் ஆகும். வரிசை உச்சத்தைத் தொடுவது வருகையின் நெரிசல் முடியும் வேளையில்தான் என்பதால், நீண்ட வரிசையைக் கண்ட பிறகு கூடுதல் கவுண்டரைத் திறப்பவர் எப்போதும் தாமதமாகவே திறக்கிறார். மணிவாரியாக வருகையைக் குறித்து வைத்திருந்தால் இது முன்கூட்டியே தெரியும்.

அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இங்கே கைகொடுக்கும்: நீண்ட காலச் சராசரியில், உள்ளே இருப்போரின் எண்ணிக்கை, வருகை விகிதத்தை ஒருவர் உள்ளே கழிக்கும் நேரத்தால் பெருக்கிய தொகைக்குச் சமம். மணிக்கு 40 பேர் வரும் கூடத்தில் சராசரியாக 20 பேர் இருந்தால், ஒருவர் அங்கே கழிப்பது அரை மணி நேரம். யார் கையிலும் கடிகாரம் கொடுக்கத் தேவையில்லை. ஆயினும் வரிசையைப் பார்த்தவுடன் திரும்பிப் போனவர்களும், பாதியில் விலகியவர்களும் டோக்கன் கணக்கில் சரியாகப் பதிவாவதில்லை. மோசமான சேவையால் ஆட்கள் கலைந்து போவதையும், நல்ல சேவையால் வரிசை குறைவதையும் அந்தக் கணக்கு ஒன்றாகவே காட்டிவிடும்.

நிற்பவரின் மனநிலையும் கணக்கில் சேர வேண்டும். காரணம் சொல்லப்படாத காத்திருப்பும், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும் நீளமாகத் தோன்றும் என்று மேலாண்மை அறிஞர் டேவிட் மெய்ஸ்டர் 1985இல் எழுதினார். ஆனால் மதிப்பீடு சொல்லும்போது சராசரியைச் சொல்வது தவறு என்பேன். சராசரியைச் சொன்னால் ஏராளமானோர் சொன்னதைவிட அதிக நேரம் நிற்பார்கள். பத்தில் ஒன்பது பேருக்குப் பொருந்தும் நேரத்தைச் சொல்வதே முறை. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற ஒழுங்கை மீறுவதிலும் கவனம் தேவை. வேலையின் நீளத்தைப் பாராமல் அழைக்கும் முறையை எப்படி மாற்றினாலும் சராசரிக் காத்திருப்பு மாறாது. சிலர் மிக நீண்ட நேரம் நிற்க நேர்வதுதான் கூடும்.

நிர்வாகம் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஊழியர் எண்ணிக்கையை அல்ல, ஏற்கத்தக்க காத்திருப்பு நேரத்தை. கால் சென்டர்களில் 80 சதவீத அழைப்புகளை 20 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்ற வழக்கமான இலக்கு அத்தகையது. அந்த இலக்கிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் ஒவ்வொரு மணிக்கும் தேவைப்படும் ஆட்கள் தெரியும். அவர்களுக்குக் கிடைக்கும் ஓய்வு நேரமும் சேர்ந்தே தெரியும். கோப்புகளைச் சரிபார்ப்பது, பதில் கடிதம் எழுதுவது போன்ற, எந்த நொடியிலும் நிறுத்தி வைக்கக்கூடிய வேலைகளை அந்த இடைவெளிகளில் கொடுக்கலாம். நடுவில் நிறுத்த முடியாத வேலையைக் கொடுத்தால் கவுண்டர் மறுபடியும் 95 சதவீதச் சுமைக்கே போய்விடும்.