லாக் 52: "நீங்க சொன்னா சரி"

எங்க சரக்குப் படகோட கேப்டன் போன்ல என்கிட்ட கேட்டது இவ்வளவுதான். டெக்ல வேலை பாக்குற பையனோட தங்கச்சிக்கு சனிக்கிழமை கல்யாணம், இங்கயே கரையில இறக்கி விட்டுடலாமா, ஒரு வேன் அனுப்புறீங்களா? நான் சொன்னேன், நாளைக்கு லாக் (அணையில படக ஏத்தி இறக்கி விடுற வாசல்) தொறந்துரும், தாண்டி கெய்ரோ (எகிப்து இல்ல, இலினாய்ஸ் ஊர்) போனதும் மாத்திக்கலாம், மாத்து ஆளும் அங்கதான் வர்றார்னு. "நீங்க சொன்னா சரி"ன்னு வச்சிட்டார்.

2017 செப்டம்பர், அமெரிக்காவுல ஒஹையோ ஆறு, பதுகா பக்கம் லாக் 52. 1928-ல முடிச்ச அணை. மரப்பலகைகளை வரிசையா நிமிர்த்தி வச்சு தண்ணிய தேக்குற ஏற்பாடு, வெள்ளம் வந்தா பலகைய ஆத்தடியில படுக்க வச்சிருவாங்க, படகெல்லாம் அது மேலயே போயிரும், தண்ணி வடிஞ்சா கிரேன் படகு வந்து ஒவ்வொண்ணா கொக்கி போட்டு தூக்கணும். டென்னஸி, கம்பர்லேண்ட் ஆறு ரெண்டும் மேலயே ஒஹையோவுல சேர்ந்துடுறதால அந்தப் பக்கத்து சரக்கு முக்கால்வாசி இந்த ஒரு வாசல்லதான் வந்து நிக்கும். பலகை பழுதாகி லாக்க மூடினதும் படகுகள் டஜன் கணக்குல க்யூ. எங்களோடது 15 பார்ஜ், ஒரே படகு தள்ளிட்டுப் போற தட்டையான சரக்குப் படகுகள்.

ஆள் ஒண்ணு குறைஞ்சா 15 பார்ஜ எப்படி லாக்குக்குள்ள விடுறது? திடீர்னு க்யூ நகர்ந்து நம்ம முறை போச்சுன்னா யார் பதில் சொல்றது? அன்னிக்கு கையில இருந்த தகவலுக்கு என் பதில் சரிதான், இப்பவும் அதான் சொல்வேன். ஆனா "நாளைக்கு"ன்னு எனக்கு யார் சொன்னா? யாரும் சொல்லல. அதுக்கு முந்தின நாளும் நான் "நாளைக்கு"ன்னுதான் சொல்லிருந்தேன், கேப்டனுக்கு அது நல்லா ஞாபகம் இருந்திருக்கும், இருந்தும் வாதாடல. அந்த "சரி" சம்மதமா, சலிப்பா, இவன்கிட்ட பேசி என்ன பிரயோஜனம்ங்கிற முடிவா?

சனிக்கிழமை போயிருச்சு. பையன் ஒண்ணும் சொல்லல, பரவால்லன்னு மட்டும் சொன்னதா கேப்டன் சொன்னார்.

இதுக்கு பதிலா வர வேண்டிய ஓல்ம்ஸ்டெட் அணைக்கு 1988-லயே அனுமதி, 77.5 கோடி டாலர்னு ஆரம்பிச்சு கிட்டத்தட்ட 300 கோடியில போய் நின்னு 2018-லதான் தொறந்துச்சு. ஒரு வருஷம் முன்னாடி தொறந்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காதுன்னு அது மேல பழியப் போட்டுட்டு தூங்கிடலாம்தான், ஆனா கேப்டன் கேட்டது அணையப் பத்தி இல்லையே, வேனப் பத்தி.

இப்ப அதே மாதிரி ஒருத்தர் கேட்டா? உடனே அனுப்பிருவேன்னு சொல்ல ஆசைதான். வேன் காசு எந்தக் கணக்குலன்னுதான் முதல்ல கேப்பேன்னு நினைக்கிறேன்.