க்ரீம் தோலின் மூலையில் பச்சை

லென்ஸ் ஷேடிங் என்றதும் எல்லோரும் வெளிச்சத்தைத்தான் பேசுகிறார்கள். படத்தின் நடுவில் பளிச், மூலைகளில் மங்கல், அதைச் சமன் செய்தால் வேலை முடிந்தது என்று. கேமரா ட்யூனிங்கே (படத்தின் வெளிச்சமும் நிறமும் சரியாக வரும்படி கேமராவைச் சரிசெய்வது) பிழைப்பாக இருக்கும் என்னைக் கேட்டால், மங்கல் சுலபம். தலைவலி கொடுப்பது நிறம்.

சென்னை குரோம்பேட்டை பக்கம் நாகல்கேணியில் ஒரு தோல் ஃபினிஷிங் யூனிட்டுக்காக இப்போது ஒரு கேமரா அமைக்கிறேன். ஐஎம்எக்ஸ்477 என்ற சென்சார், எம்12 என்ற மரை போட்டுத் திருகும் சின்ன அகல லென்ஸ். புதிதாக வந்த தோலையும் வாங்குபவர் ஓகே சொன்ன மாதிரித் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, ஷேடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே ஷேடு பார்க்கும் பெரியவர் திருத்தம் செய்யாத படத்தைப் பார்த்த உடனே சொன்னார்: “நடுவுல சரியா இருக்கு தம்பி. மூலையில பச்சை அடிக்குதே, வேற லாட்டா?” ஒரே தோல்தான் பாய் என்றேன். கறுப்புத் தோலாக இருந்திருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. க்ரீம் கலர் எதையும் மறைக்காது.

மங்கலுக்குக் காரணம் பழைய கணக்கு. சாய்ந்து வரும் ஒளி, கோணத்தின் கோசைனின் நான்காம் அடுக்கு அளவுக்குக் குறையும். 30 டிகிரியிலேயே 56 சதவீதம்தான் மிச்சம். இது மூன்று நிறத்துக்கும் ஒரே மாதிரி. பச்சை வருவது வேறு வழியில். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வெட்டும் ஐஆர் கட் ஃபில்டரில் மெல்லிய பூச்சுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒளி சாய்வாக நுழைந்தால் அது வெட்டும் எல்லை குறைந்த அலைநீளத்துக்கு நகரும், அதாவது மூலைகளில் சிவப்பையும் சேர்த்துத் தின்னும். சென்சார் பிக்சல்களின் மேல் உள்ள மைக்ரோலென்ஸ்களும் ஒரு குறிப்பிட்ட கோணத்துக்காகச் செய்யப்பட்டவை. லென்ஸ் வேறு கோணத்தில் ஒளியை அனுப்பினால் அது பக்கத்திலிருக்கும் வேறு நிறப் பிக்சலுக்குள் கசியும்.

இதில் முக்கியமான விஷயம், சிவப்பு எவ்வளவு போகும் என்பது விளக்கைப் பொறுத்தது. டங்ஸ்டன் விளக்கில் சிவப்பின் கடைக்கோடி வரை ஒளி கொட்டிக்கிடக்கும், ஃபில்டரின் எல்லை நகர்ந்தால் இழப்பு அதிகம். கடைகளில் எரியும் வகையான டிஎல்84 குழல்விளக்கின் சிவப்போ பெரும்பாலும் 611 நானோமீட்டர் பக்கம் ஒரே குவியலாக நிற்கும். எல்லை அதைத் தொடுவதேயில்லை. ஆக, படத்தின் எந்த இடத்தை எவ்வளவு தூக்க வேண்டும் என்று சொல்லும் திருத்த அட்டவணை, ஒரே லென்ஸுக்கும் விளக்குக்கு ஒன்று வேண்டும். நல்லவேளையாக, ஷேடு பார்க்கும் பெட்டியிலேயே டி65 (பகல் வெளிச்சம் மாதிரியான விளக்கு), டிஎல்84, டங்ஸ்டன் மூன்றும் இருக்கின்றன. எந்த விளக்கில் தோலைத் தீர்ப்புச் சொல்கிறார்களோ அதே விளக்கில்தான் கேமராவையும் காலிபரேட் செய்தேன். லேபில் எடுத்த அட்டவணையைக் கொண்டுவந்து இங்கே பொருத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அட்டவணை எடுப்பது இப்படி: பெயர்ப்பலகை செய்பவர்கள் பயன்படுத்தும் பால் வெள்ளை அக்ரிலிக், 3 மில்லிமீட்டர், லென்ஸை ஒட்டினாற்போல வைத்து ரா படம், அதாவது சென்சார் தந்ததை அப்படியே. நடுப்பகுதி முழு அளவில் முக்கால்வாசியைத் தாண்டக் கூடாது. ஒரு சேனல், அதாவது ஒரு நிறத்தின் அளவு, உச்சத்தில் முட்டி நின்றுவிட்டாலும் கணக்கு வீண். பெட்டியின் குழல்விளக்குகள் பழைய சோக்கில் எரிபவை, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கும். எக்ஸ்போஷரை 10 மில்லிசெகண்டின் மடங்காக வைக்காவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக விழும், அந்தப் பட்டையும் அட்டவணைக்குள் போய்விடும். அப்புறம் அது லென்ஸின் குணம் மாதிரியே எல்லாப் படத்திலும் தலைகீழாக வந்து நிற்கும்.

கணக்குப் போடும் முன்னால் பிளாக் லெவலை, அதாவது ஒளியே இல்லாதபோதும் சென்சார் காட்டும் எண்ணை, கழிக்க வேண்டும். இந்த சென்சாரில் 12 பிட்டில் அது 256. நடுவில் உண்மையான ஒளி 3000, மூலையில் 1500 என்றால் கெயின், அதாவது மூலையைப் பெருக்க வேண்டிய எண், 2 வர வேண்டும். கழிக்காமல் விட்டால் 3256-ஐ 1756-ஆல் வகுத்து 1.85 என்று வரும். படம் பார்க்கச் சுமாராகத்தான் தெரியும், ஆனால் ஷேடு தீர்மானிக்க உதவாது.

பிறகு படத்தை 16க்கு 12 கட்டங்களாகப் பிரித்து, சிவப்பு, நீலம், இரண்டு பச்சை என நான்கு சேனலுக்கும் கட்டத்துக்குக் கட்டம் சராசரி, அதிலிருந்து கெயின். இது மென்பொருள் வேலை, நீட்டி முழக்க ஒன்றுமில்லை.

நான் எப்போதும் விடாமல் செய்யும் சோதனை ஒன்று உண்டு. அக்ரிலிக்கை எடுத்துவிட்டு, அட்டவணையைப் போட்டு, ஒரு வெள்ளை அட்டையைப் பெட்டிக்குள் வைத்துப் படம் எடுப்பேன். கேமராவை 180 டிகிரி திருப்பி இன்னொன்று. மிச்சமிருக்கும் மங்கல் படத்தில் அதே மூலையிலேயே நின்றால் லென்ஸின் குறை, என் அட்டவணை சரியில்லை. எதிர் மூலைக்குத் தாவினால் அது விளக்கின் குறை. இரண்டையும் ஒரே அட்டவணையில் குழைத்துவிட்டால், குழல்விளக்கை மாற்றும் அன்றைக்கே எல்லாம் கலைந்துவிடும்.

மங்கலை முழுதாகத் திருத்தினால் மூலைகளில் நாய்ஸும் (புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல்) சேர்ந்து பெருகும். அதனால் சாதாரணப் படங்களுக்குக் கொஞ்சம் மங்கலை விட்டுவைப்பதே அழகு. ஷேடு பார்க்கும் கேமராவில் அந்தச் சலுகை கிடையாது. முழுதாகத் திருத்தி, ஒரே தோலைப் பல தடவை எடுத்துச் சராசரி பார்க்கிறேன். தோல் ஓடவா போகிறது.

அடுத்த கேமராவுக்கும் இதே அட்டவணையைப் போடலாமே என்று யூனிட்டில் கேட்டார்கள். முடியாது என்று சொல்லியிருக்கிறேன். எம்12 லென்ஸ் மரையில் கால் சுற்று மாறினாலோ, சென்சாரின் நடுவிலிருந்து லென்ஸ் துளி விலகினாலோ மூலைகள் வேறு கதை சொல்லும். ஒவ்வொரு கேமராவுக்கும் தனி அட்டவணைதான். ஃபோகஸ் செய்து, லாக் ரிங்கை இறுக்கிய பிறகுதான் அக்ரிலிக்கைக் கையில் எடுக்க வேண்டும்.